குரங்கு மங்கு

பதினான்கு மாதங்கள் அந்தக் கொடி ஒரு குடுவைகூட விடவில்லை. இலை மட்டும் விட்டது. நல்ல தடித்த, பச்சையான இலை. ஒவ்வோர் இலையின் நுனியிலும் நடுநரம்பு வால்போல நீண்டு, அதன் முனையில் கடுகு அளவில் ஒரு மொட்டு வரும். இரண்டு வாரத்தில் அது கறுத்துக் காய்ந்துவிடும். கொடி மேலே மேலே ஏறி, பால்கனிக் கம்பியைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் தொடப் பார்த்தது. குடுவை வராத குடுவைச்செடியை என்னவென்று சொல்வது?

மலாயில் இதற்குப் பெரியுக் கெரா என்று பெயர். குரங்குச் சட்டி. குரங்கு இதில் தண்ணீர் குடிக்கும் என்பது கதை. எங்கள் வீட்டில் இதற்கு வேறு பெயர். பாட்டி "கொரங்கு மங்கு" என்பார். தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: மங்கு என்பது மலேசியத் தோட்டங்களில் பால்மரத்தில் கட்டிவைக்கும் பீங்கான் கிண்ணம். சீவிய பட்டையிலிருந்து வடியும் பால் அதில்தான் விழும். மழை பெய்தால் பால் கெட்டு, மங்கு நிறையத் தண்ணீரும் செத்த எறும்புமாக நிற்கும். அந்த மங்கையும் இந்தக் குடுவையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாட்டி வைத்த பெயரை மறுக்க முடியாது.

எங்கள் தோட்டம் பெஸ்தாரி ஜெயாவுக்கும் கோலசிலாங்கூருக்கும் இடையில், சதுப்புக் காட்டை ஒட்டியது. பெஸ்தாரி ஜெயா என்ற பெயர் 2007-இல் வந்தது. பழையவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நான் பிறந்தபோதே பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. இப்போது செம்பனையும் போய் வீடுகள் வருகின்றன. 2022-இல் காட்டோர அல்லூறை அகலப்படுத்த மண்வாரி இயந்திரம் வந்திருக்கிறது என்று பழைய பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும், பாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் பார்க்க விரும்பியது கோயிலை. நான் அல்லூறுக் கரையில் இறங்கி, வேரோடு சாய்ந்து கிடந்த கொடி ஒன்றிலிருந்து மூன்று கணு நீளத்துக்கு வெட்டிக்கொண்டேன். மறுநாள் அது மண்ணுக்குள் போயிருக்கும். அப்படித்தான் இது புஞ்சாக் ஆலாமில் எங்கள் அடுக்குமாடிக்கு வந்தது.

நான் தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளன். ஒரு பம்ப் ஓடவில்லை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். இங்கேயும் அதையே செய்தேன். முதலில் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும் என்று மழைநீருக்கு மாறினேன். பிறகு வெளிச்சம். நிழல்வலை கட்டினேன், கழற்றினேன். பிறகு ஈரப்பதம். ஒரு பழைய மீன்தொட்டியைக் கவிழ்த்து மூடினேன். நாள்தோறும் எக்செலில் ஏற்றினேன். (சிரிக்காதீர்கள், வரைபடம்கூட உண்டு.) ஒன்றும் நடக்கவில்லை.

தவறு ஒன்றை நான்காம் மாதம்தான் கண்டுபிடித்தேன். நட்டபோது கைப்பழக்கத்தில் கொஞ்சம் உரமணிகளைத் தூவியிருந்தேன். செம்பனைக்கு உரம் போட்டே வளர்ந்த குடும்பம், என்ன செய்வது. பூச்சி பிடிக்கும் செடிகளில் பெரும்பாலானவை சத்தில்லாத மண்ணில் வாழ்பவை. சதுப்பு, மணல், பாறை இடுக்கு. வேருக்குக் கிடைக்காத நைட்ரஜனை வேறு வழியில் எடுக்கத்தான் இவ்வளவு பாடு. வேரிலேயே தாராளமாகக் கொடுத்துவிட்டால் செடி இலையாக விட்டுத் தள்ளும், குடுவைக்குச் செலவு செய்யாது. மண்ணை மாற்றினேன். தேங்காய் நார், மணல், பாசி. காத்திருந்தேன். அப்போதும் வரவில்லை.

காத்திருந்த மாதங்களில்தான் இந்தச் செடியின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்தச் செடியைப் பார்த்துக் குழம்பிய முதல் ஆள் நான் இல்லை என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஐரோப்பியர்களின் எழுத்தில் இது முதலில் வருவது 1658-இல். மடகாஸ்கரில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த எத்தியேன் தெ ஃப்ளாகூர், நுனியில் குடுவைபோல ஒன்றைத் தாங்கும் செடியைப் பற்றி எழுதினார். அடுத்து இலங்கை. அங்கே டச்சுக்காரர்கள் இருந்தார்கள். சிங்களத்தில் அதன் பெயர் பாந்துரா. அந்தப் பெயரோடே 1680-இல் அது ஐரோப்பிய நூலில் ஏறியது. பிறகு லின்னேயஸ் வந்தார். 1737-இல் அவர் பாந்துராவை விட்டுவிட்டு, நெப்பந்தஸ் என்று கிரேக்கத்திலிருந்து பெயர் எடுத்தார். ஹோமரின் ஒடிசியில் ஹெலன், போரில் செத்தவர்களை நினைத்து அழும் விருந்தாளிகளின் மதுவில் ஒரு மருந்தைக் கலப்பாள். அதைக் குடித்தால் துக்கம் மறந்துபோகும். அதன் பெயர் நெப்பந்தே. துக்கமின்மை. நீண்ட பயணத்தின் முடிவில் இந்தச் செடியைக் காணும் தாவரவியலாளனுக்குப் பட்ட கஷ்டமெல்லாம் மறந்துவிடும் என்பது லின்னேயஸின் நியாயம்.

இதைப் படித்தபோது தமிழ்நாட்டு அழுகண்ணி ஞாபகம் வந்தது. அதுவும் பூச்சி பிடிப்பதுதான். ஈரமான தரையோடு தரையாகச் சிவப்பாகக் கிடக்கும் சின்னச் செடி, இலை முழுக்கப் பிசின் துளி. சித்த மருத்துவர்களுக்குத் தெரிந்த மூலிகை. நம் ஆட்கள் அந்தத் துளியைப் பார்த்துக் கண்ணீர் என்றார்கள். லின்னேயஸ் குடுவையைப் பார்த்துக் கண்ணீர் போக்கும் கிண்ணம் என்றார். தோட்டத்தில் துக்கம் மறக்க வேறு கிண்ணம் இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று.

பெயர் வைத்தாயிற்று, ஆனால் குடுவை எதற்கு என்பது யாருக்கும் புரியவில்லை. 1790-இல் லூரெய்ரோ என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார், மூடி தானாகத் திறந்து மூடும் என்பதுபோல எழுதிவைத்தார். அது மூடாது. முற்றாத குடுவையில் ஒட்டியிருக்கும், முற்றியதும் ஒருமுறை திறக்கும், அவ்வளவுதான். செடி விலங்கைத் தின்னும் என்ற எண்ணமே அந்தக் காலத்துக்கு ஒவ்வாதது. வட அமெரிக்காவின் வீனஸ் பூச்சிப்பொறி பூச்சியைத் தின்கிறது என்று ஒருவர் கடிதம் எழுதியும் லின்னேயஸ் ஏற்கவில்லை. செடியை விலங்கு தின்ன வேண்டும். அதுதான் வரிசை.

வரிசையைக் கலைத்தவர் ஜோசப் ஹூக்கர். டார்வினின் நெருங்கிய நண்பர். 1859-இல் குடுவை எப்படி உருவாகிறது என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு விலங்குண்ணி என்ற சிந்தனையெல்லாம் இல்லை, அவருடைய கேள்வி இலை நுனியில் ஒரு சட்டி எங்கிருந்து முளைக்கிறது என்பதுதான். இன்று பெரும்பாலோர் ஏற்கும் பதில் தலைகீழானது. இலை என்று நாம் நினைக்கும் பச்சைப் பட்டை இலையின் அடிப்பகுதி விரிந்தது. உண்மையான இலைப்பரப்பு சுருண்டு மூடிக் குடுவையாகியிருக்கிறது. பிறகு டார்வின் தூண்ட, கியூ தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீட்டில் ஹூக்கர் குடுவைக்குள் வெந்த முட்டையின் வெள்ளைக்கருவையும் பச்சை இறைச்சியையும் குருத்தெலும்பையும் போட்டுப் பார்த்தார். கரைந்தன. 1874-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் அதை அறிவித்தார். அடுத்த ஆண்டு டார்வினின் பூச்சியுண்ணும் செடிகள் பற்றிய நூல் வந்தது.

இதுவரை படித்தது சுவாரசியம், அவ்வளவுதான். என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறு. 1859 கட்டுரையில் ஹூக்கர் பெயரிட்ட புதிய செடிகளில் பல கினபாலு மலையிலிருந்து வந்தவை. அவற்றை எடுத்து அனுப்பியவரின் பெயர் ஹியூ லோ. லண்டனில் செடி வியாபாரம் செய்த குடும்பத்துப் பையன். அப்பாவின் கடைக்குச் செடி தேடி இருபது வயதில் கிழக்கே வந்தவர், போர்னியோவிலேயே அதிகாரியாகத் தங்கிவிட்டார். 1851-இல் கினபாலு மேல் ஏறினார். உலகத்திலேயே பெரிய குடுவை விடும் நெப்பந்தஸ் ராஜா அவருடைய கண்டுபிடிப்பு. அவரோடு 1858-இல் மலையேறிய ஸ்பென்சர் செயின்ட் ஜான், ஒரு குடுவைக்குள் எலி மூழ்கிச் செத்துக் கிடந்ததை எழுதியிருக்கிறார். இன்னொரு செடிக்கு லோவின் பெயரையே ஹூக்கர் வைத்தார். அந்த நெப்பந்தஸ் லோவீ எலி பிடிப்பதில்லை. மூஞ்சூறு போலிருக்கும் மர அணில் ஒன்று மூடியிலுள்ள இனிப்பை நக்க வந்து உட்கார்ந்து, உள்ளே கழித்துவிட்டுப் போகும். செடிக்கு வேண்டிய நைட்ரஜன் அந்தக் கழிவுதான் என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். தன் பெயரைத் தாங்கும் செடி ஒரு கழிப்பறை என்று தெரியாமலே லோ செத்துப்போனார்.

லோவின் பெயரை நான் அதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள், மலேசியப் பள்ளியில் வரலாறு படித்தவராக இருந்தால். 1877-இல் பேராக் மாநிலத்தின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த அதே ஹியூ லோ. ரப்பர் பாடத்தில் வருவார்.

1876-இல் ஹென்ரி விக்கம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 2700 சொச்சம். அப்போது கியூவின் இயக்குநர் யார்? ஜோசப் ஹூக்கர். குடுவைக்கு முட்டை ஊட்டி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9, கோலாகங்சாரில் லோவின் மாளிகைத் தோட்டத்துக்குப் போயின. அவற்றில் ஒன்று என்று காட்டப்படும் மரம் இன்னும் அங்கே நிற்கிறது. நாற்றுகள் கடல் கடந்தது வார்டியன் பெட்டிகளில். லண்டன் மருத்துவர் வார்ட், மூடிய புட்டிக்குள் பெரணி தானாக முளைத்து வாழ்வதை 1829-இல் கவனித்துச் செய்த கண்ணாடிப் பெட்டி. அந்தப் பெட்டியில்தான் நெப்பந்தஸ் செடிகளும் லண்டனுக்கு உயிரோடு போய், பணக்காரர் வீட்டுக் கண்ணாடி அறைகளில் தொங்கின. நான் கவிழ்த்து வைத்த மீன்தொட்டி அதன் ஏழைப் பேரன்.

ஒரே மனிதர்கள், ஒரே கண்ணாடி வீடு, ஒரே பெட்டி. இங்கிருந்து அங்கே குரங்குச் சட்டி போயிற்று. அங்கிருந்து இங்கே ரப்பர் வந்தது. சிங்கப்பூர்ப் பூங்காவில் ரப்பரைத் தோட்டக்காரர்கள் தலையில் கட்ட விதையைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்த ஹென்ரி ரிட்லியும், 1908-இல் பகாங் மலையிலிருந்து வந்த ஒரு நெப்பந்தஸுக்குப் பெயர் வைத்தவர்தான். மரம் சாகாமல் பட்டையைச் சீவும் முறையைச் சோதித்து நிறுவியவர் அவர். என் கொள்ளுத்தாத்தா கப்பலேறி வந்து கற்றுக்கொண்ட வேலை அது.

லோவையும் ரிட்லியையும் நான் திட்டப் போவதில்லை. திட்டுவது சுலபம். மழையில் நனைந்து, அட்டை கடித்து, ஒரு செடியின் முன் வாய்பிளந்து நின்றவர்கள் அவர்கள். அந்தப் பிரியம் பொய்யில்லை. ஆனால் ஒரு கொடிக்கு இவ்வளவு நுணுக்கமாகக் குறிப்பு எழுதியவர்களின் ஏடுகளில், அந்தப் பெட்டிகளை மலையிலிருந்து சுமந்து இறக்கியவர்களின் பெயர் எத்தனை இருக்கும் என்று தேடினால் சலிப்புத்தான் வருகிறது. தோட்டத்துப் பெரட்டு நோட்டிலாவது நம் பெயர் இருந்தது, சம்பளம் பிடிக்கவாவது.

சிலாங்கூரின் வடபகுதிக்கு ரப்பருக்குப் பின் செம்பனை வந்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தார். சுமத்ராவிலிருந்து செம்பனை விதை வாங்கி முதலில் அலங்காரத்துக்கு நட்டார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அவர் தொடங்கினார். தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கில எழுத்தில் இன்றும் அப்படியேதான் எழுதுகிறார்கள். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டத்துக்குத் தமிழில் தென்னை என்று பெயர். ஃபோக்கோனியே பின்னால் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது.

தோட்டம் சதுப்பை நெருங்கும்போது முதல் வேலை அல்லூறு வெட்டுவது. வட சிலாங்கூரின் சதுப்புக் காடு, ராஜா மூசா காப்புக்காடு உட்பட, மண்ணே இல்லாத நிலம் என்று சொல்லலாம். பல்லாயிரம் ஆண்டுகளாக மக்காமல் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் இலையும் கட்டையும். தண்ணீரை வடித்தால் அது சுருங்கும், கீழிறங்கும், வறண்ட மாதத்தில் எரியும். அடியில் கனன்று வாரக்கணக்கில் புகையும். தஞ்சோங் காராங் வரை நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட ஆண்டுகள் உண்டு. ராஜா மூசாவில் இப்போது அதே கால்வாய்களை அடைத்துத் தண்ணீரைத் தேக்குகிறார்கள். வெட்டியதும் கூலி வேலை, அடைப்பதும் கூலி வேலை.

அல்லூறு வெட்டியதில் குரங்கு மங்குக்கு ஒரு லாபம் இருந்தது. காட்டு ஓரத்தில் வெளிச்சம் விழுந்தது, கரை ஈரமாக இருந்தது, மண்ணில் சத்தில்லை. கரை முழுக்கப் படர்ந்தது. அதை அழிப்பதும் ஒரு வேலையானது. அந்த வேலை பாட்டியுடையது.

பாட்டி பால்மரம் வெட்டியவர், பிறகு மருந்தடித்தவர். பதினெட்டு லிட்டர் தோம்பை முதுகில் மாட்டிக்கொண்டு செம்பனை வட்டத்திலும் அல்லூறுக் கரையிலும் களைக்கொல்லி அடிக்கும் வேலை. பெரும்பாலும் பெண்கள், அவர்களில் பெரும்பாலும் நம் பெண்கள். அடித்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். 2002-இல் ஐரீன் ஃபெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வறிக்கையை வெளியிட்டது. மூக்கில் ரத்தம், நகம் கழன்று விழுதல், தோல் புண், கண் எரிச்சல். அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. பாட்டி அதற்கு வெகுமுன்பே வேலையை விட்டிருந்தார். அவருடைய வலது கைப் பெருவிரல் நகம் இன்றும் கோணலாகவே வளர்கிறது. சிறுவயதில் அதைத் தொட்டு விளையாடியிருக்கிறேன். எல்லாப் பாட்டிகளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

சரி, கொடிக்கு வருகிறேன். பதினான்காம் மாதம் நான் கைவிட்டேன். தொட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கத்தரிக்காய் நடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்திருந்த பாட்டி, வேண்டாம் என்றார்.

"மேல என்னத்தப் பாக்குற? அது மேல காய்க்காதுடா. கீழ பாரு."

"கீழ பாசிதான் இருக்கு பாட்டி."

"பாசியக் கிண்டிப் பாரு. மரத்தடில கொத்துக் கொத்தா இருக்கும். நாங்க கீழதான் அடிப்போம். மேல இருக்கிற கொடிய யாரு அடிப்பா?"

பாசியை விலக்கினேன். தண்டின் அடிக்கணுவில், புதைந்த இடத்தில், நெல்மணி அளவில் ஐந்தாறு உருண்டைகள். இலையே இல்லாமல் நேராகக் குடுவை. ஒவ்வொன்றுக்கும் முடியிலான இரண்டு வரிகள், வாயோரம் சின்ன விளிம்பு, பின்னால் மடிந்து கிடக்கும் ஒடுங்கிய மூடி.

பெயர் தெரிந்த பிறகு புத்தகத்தில் எல்லாமே இருந்தது. நெப்பந்தஸ் ஆம்புல்லாரியா. ஏறும் கொடியில் குடுவை விடுவது அபூர்வம். அடியிலிருந்து சிறு தளிர்கள் கிளம்பி, தரையில் பாய் விரித்தாற்போலக் குடுவைகளைப் பரப்பும். நான் வெட்டிக்கொண்டு வந்தது மேல்தண்டு. என் தண்ணீர், வெளிச்சம், மீன்தொட்டி எதற்கும் அது பதில் சொல்லாததில் வியப்பில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்த இடமே தவறு. மூடி ஏன் மடிந்திருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. மற்ற இனங்கள் பெரும்பாலானவற்றில் மூடி மழையைத் தடுக்கும். குறுகிய குடுவையுள்ள நெப்பந்தஸ் கிராசிலிஸில், மூடிக்கு அடியில் ஒதுங்கும் எறும்பை மழைத்துளியின் அடி உள்ளே உதறித் தள்ளும். ஒரு பொறியாளனாக அந்த அமைப்பை நான் வணங்குகிறேன். ஆம்புல்லாரியாவுக்கு மூடி குறுக்கே நிற்கக்கூடாது. மேலிருந்து விழும் சருகை வாங்கிக்கொள்ளத்தான் அது வாயைத் திறந்து வைத்திருக்கிறது. இலையிலுள்ள நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்கு சருகிலிருந்து வருவதாக அளந்திருக்கிறார்கள். பூச்சியுண்ணும் குடும்பத்தில் பாதி சைவத்துக்கு மாறிய ஒன்று. மலாய்க் கிராமங்களில் இதன் குடுவையில் புளுட் அரிசியும் தேங்காய்ப்பாலும் ஊற்றி அவித்து லெமாங் செய்வார்கள்.

இப்போது தொட்டியில் பதினொரு குடுவைகள். பெரியது சுண்டுவிரல் நீளம். கொஞ்ச நாளாக எல்லாம் காலையில் காலியாகவே இருந்தன. விளிம்பு காய ஆரம்பித்தது. மறுபடியும் எக்செலைத் திறந்தேன், வெப்பநிலையைக் குறித்தேன், ஓட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை சீக்கிரம் எழுந்தபோதுதான் தெரிந்தது. அம்மா ஒவ்வொரு குடுவையாக விரலால் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"ஏடிஸ் கொசு முட்ட போட்டா, அபராதம் நீ கட்டுவியா?"

கொசுப்புழு சில இந்தக் குடுவையிலேயே வாழும் வகை, டெங்கி பரப்புவது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்பதாக இல்லை. பாட்டி இருவருக்கும் நடுவில் புகுந்து, பக்கத்து வீட்டு மாமரத்துச் சருகை நாலு பொறுக்கி நொறுக்கி, ஒவ்வொரு குடுவையிலும் போட்டுவிட்டு உள்ளே போனார்.